லைபோசக்‌ஷன் செய்துகொள்ளும் முன்: முதல் ஆலோசனையிலிருந்து ஆறாவது மாதம் வரை

எனக்கு இரண்டு பிரசவமும் சிசேரியன். சின்னவளுக்கு ஐந்து வயது ஆனபிறகுதான் என் உடம்பைப் பார்க்க நேரம் கிடைத்தது. நடை, இரவில் சோற்றை நிறுத்தியது, இனிப்பைக் குறைத்தது என்று ஒன்றரை வருடத்தில் 78 கிலோவிலிருந்து 66க்கு வந்தேன். முகம் வற்றியது, கை வற்றியது, அடிவயிறும் இடுப்பின் இரண்டு பக்கமும் மட்டும் அசையவே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு டிசம்பரில் சென்னையில், தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷனான லைபோசக்‌ஷன் செய்துகொண்டேன். அன்றிலிருந்து சொந்தத்திலும் தோழிகளிலும் யாராவது ஒருத்தர் என்னைத் தனியே கூப்பிட்டு "ரொம்ப வலிக்குமா, எத்தனை கிலோ குறையும், எத்தனை நாள் லீவு போடணும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. என் உடம்பில் நடந்ததையும், என் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், படித்துவிட்டு அவரிடமே சரிபார்த்ததையும் சொல்கிறேன். எல்லாரும் ஆபரேஷனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆபரேஷன் இரண்டு மணி நேரம், அப்போது நீங்கள் மயக்கத்தில் இருப்பீர்கள். நீங்கள் விழித்திருந்து தாண்ட வேண்டியது அதற்கு முந்தைய ஒரு மாதத்தையும் அதற்கு அப்புறம் வரும் மூன்று மாதத்தையும். அதற்குத் தயாராக இருந்தால் பாதி பயம் போய்விடும்.

உங்களிடம் இருப்பது எந்தக் கொழுப்பு?

வயிற்றில் கொழுப்பு இரண்டு இடத்தில் சேர்கிறது. தோலுக்குக் கீழே, தசைக்கு மேலே, கையால் பிடித்தால் மடிப்பாக வருவது ஒன்று. தசைக்கு உள்ளே குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிந்திருப்பது இன்னொன்று. லைபோசக்‌ஷனில் எடுக்க முடிவது முதல் வகையை மட்டுமே. மல்லாந்து படுத்தாலும் பானை கவிழ்த்தது போல மேலே நிற்கும் வயிறு, தட்டினால் கெட்டியாக இருக்கும் வயிறு, நம் ஊர் ஆண்களுக்கு நாற்பதுக்குமேல் வரும் தொப்பை, இவற்றில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் கொழுப்பு. அதற்கு இந்த ஆபரேஷன் பயன்படாது, உணவும் உடற்பயிற்சியும்தான் வழி. நேர்மையான டாக்டர் இதை முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அப்புறம் தோல். கொழுப்பை எடுத்தபிறகு தோல் சுருங்கிப் படிய வேண்டும், அதற்கு அதில் இழுவை மிச்சம் இருக்க வேண்டும். நிறைய எடை குறைத்தவர்களுக்கும் பிரசவத்தில் வயிறு அதிகம் விரிந்தவர்களுக்கும் தோல் ஏற்கெனவே தொங்கிப்போயிருக்கும். அங்கே கொழுப்பை மட்டும் உறிஞ்சினால் காற்றுப்போன பலூன் மாதிரி ஆகிவிடும். அவர்களுக்கு வேண்டியது அதிகப்படித் தோலை வெட்டி எடுத்து, விலகிப்போன வயிற்றுத் தசைகளைச் சேர்த்துத் தைக்கும் 'டம்மி டக்' என்ற வேறு ஆபரேஷன், அதன் தழும்பு இடுப்பிலிருந்து இடுப்புவரை நீளும். எனக்குத் தசை லேசாகத்தான் விலகியிருந்தது, தோலும் பரவாயில்லை என்றார்கள். என் நாத்தனார் அதே டாக்டரிடம் போனபோது அவருக்கு லைபோசக்‌ஷன் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படிச் சொல்லி அனுப்பத் தெரிந்த டாக்டர்மேல் எனக்கு நம்பிக்கை கூடியது.

எத்தனை கிலோ குறையும் என்ற கேள்விக்கு நேரடிப் பதில்: ஒரு லிட்டர் கொழுப்பு ஏறக்குறைய 900 கிராம். எனக்கு எடுத்தது 2.8 லிட்டர், அதிலும் கொஞ்சம் அவர்கள் உள்ளே செலுத்திய திரவம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இது உடம்பின் அளவைச் செதுக்கும் ஆபரேஷன், எடையைக் குறைப்பது இதன் வேலை கிடையாது. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ அளவு 30ஐத் தாண்டியவர்களிடம் பெரும்பாலான டாக்டர்கள் முதலில் எடையைக் குறைத்துவிட்டு வரச்சொல்வார்கள்.

சர்க்கரை நோய் சரியாகிவிடும் என்று நினைத்து வருபவர்களும் உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பருமனான 15 பெண்களுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பை இப்படி எடுத்துவிட்டுப் பல வாரம் கழித்துச் சோதித்தார்கள், 2004இல் அந்த முடிவு வெளியானது. இன்சுலின் வேலை செய்யும் விதத்திலோ ரத்த அழுத்தத்திலோ கொலஸ்ட்ராலிலோ முன்னேற்றமே இல்லை. உணவைக் குறைத்து அதே அளவு இளைத்திருந்தால் எல்லாமே நன்றாகியிருக்கும். அதனால் ஆரோக்கியத்துக்காக என்று யாராவது உங்களிடம் இதை விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு மார்பு பெரிதாவது பற்றியும் கேட்கிறார்கள். என் அக்கா மகனுக்கு அந்தப் பிரச்சினை இருந்தது, காலேஜில் நாலு வருடமும் தளர்ந்த சட்டையோடு கூனிக்கொண்டே போய்வந்தான். அங்கே கொழுப்போடு காம்புக்குக் கீழே ஒரு கெட்டியான சுரப்பித் திசுவும் இருக்கும். அது குழாயில் வராது, சின்னக் கீறலில் தனியாக எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஹார்மோன் பரிசோதனையும், மாத்திரை எதனாலாவது வந்ததா என்ற விசாரணையும் அவசியம். பதின்ம வயதில் வருவது பல பேருக்குத் தானாகவே வடிந்துவிடும், அவசரப்பட வேண்டாம்.

டாக்டரைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

2022 மே மாதம் பெங்களூருவில் 21 வயது நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போய் இறந்துபோனார். வீட்டில்கூடச் சொல்லாமல் போயிருந்தார் என்று செய்திகளில் வந்தது. நான் அப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தேன், அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பல மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு படித்ததில் தெரிந்தது: அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2000இல் வெளியானது, ஏறக்குறைய ஐந்து லட்சம் லைபோசக்‌ஷனில் 95 பேர் இறந்திருந்தார்கள், அதாவது சுமார் 5,000 பேருக்கு ஒருவர். முதல் காரணம், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது. இந்த ஆபரேஷனில் நிஜமான ஆபத்து இருக்கிறது. அதைக் குறைப்பது ஆளும் இடமும்தான்.

டாக்டருக்கு எம்பிபிஎஸ், எம்எஸ்க்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டிஎன்பி என்ற மேல்பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். 'காஸ்மெடிக் மருத்துவர்', 'அழகியல் நிபுணர்' என்று பலகையில் எழுதியிருப்பது பட்டம் ஆகாது. தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் அவருடைய பதிவு எண் இருக்கும், கேட்டு வாங்கிச் சரிபாருங்கள், கேட்பதில் தப்பே இல்லை. மருத்துவமனைக்குத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இன்கீழ் பதிவுச் சான்று இருக்க வேண்டும், வரவேற்பறையிலேயே மாட்டியிருப்பார்கள்.

அதற்கப்புறம் கேட்க வேண்டியவை: மயக்க மருந்து கொடுக்க முழுநேரமும் தகுதியான ஒரு நிபுணர் அறையில் இருப்பாரா, அவர் பெயர் என்ன? ஏதாவது ஆனால் ஐசியூ இதே கட்டடத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே கொண்டுபோவீர்கள்? கன்சல்ட் செய்யும் நீங்களே ஆபரேஷன் செய்வீர்களா? அதிகபட்சம் எத்தனை லிட்டர் எடுப்பீர்கள்? கடைசிக் கேள்வி முக்கியமானது. திரவமும் கொழுப்புமாகச் சேர்த்து 5 லிட்டருக்கு மேல் போனால் அது பெரிய அளவு லைபோசக்‌ஷன், உடம்பில் நீர்ச்சத்துக் கணக்கே மாறிப்போகும், இரவு முழுக்கக் கண்காணிப்பு வேண்டும். "ஒரே நாளில் பத்து லிட்டர், மாலையே வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள்.

நான் மூன்று இடத்தில் கேட்டேன். ஒரு இடத்தில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கவுன்சிலர் என்று ஒரு பெண் பேக்கேஜ் போட்டுக் காட்டி, இன்றே முன்பணம் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி என்றார். என் வயிற்றை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது இடத்தில் ஐசியூ பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் டாக்டர் 40 நிமிடம் பேசினார், நிற்கவைத்து, உட்காரவைத்து, படுக்கவைத்துப் பார்த்தார், என்னென்ன தப்பாகப் போகலாம் என்று நான் கேட்காமலே சொன்னார். தொகை அங்கேதான் அதிகம். அங்கேதான் செய்துகொண்டேன்.

பணம் பேசும்போது எழுத்தில் வாங்குங்கள். சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர், அறை, பரிசோதனைகள், மருந்து, ஆபரேஷனுக்கு அப்புறம் போட்டுக்கொள்ளும் இறுக்க உடை, பின்தொடர் ஆலோசனை, இவற்றில் எது உள்ளே, எது வெளியே என்று தனித்தனியாக. அழகுக்காகச் செய்வதால் எனக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேர்ந்தது. மெடிக்கல் இன்சூரன்ஸ் இதற்குக் கிடைக்காது. ஒப்புதல் படிவத்தில் உங்கள் புகைப்படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கக்கூடும், விருப்பம் இல்லையென்றால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வேசர், லேசர், வாட்டர் ஜெட்

இவையெல்லாம் கொழுப்பை இளக்கி எடுக்க உதவும் வெவ்வேறு மெஷின்கள், இதில் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடிப்படை ஒன்றே. 1970களில் பாரிஸ் நகர டாக்டர் ஈவ் ஜெரார் இலூஸ் முனை மழுங்கிய குழாயை வைத்து உறிஞ்சும் முறையைப் பரப்பினார், கூர்மையான கருவியால் சுரண்டிய பழைய முறையைவிட ரத்தக் குழாய்களுக்குச் சேதம் குறைவு. 1980களில் கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் முதலில் நிறைய திரவத்தை உள்ளே செலுத்திவிட்டு உறிஞ்சும் 'ட்யூமசென்ட்' முறையைக் கொண்டுவந்தார். அதற்குமுன் உறிஞ்சி எடுப்பதில் கால்பங்கு, சில சமயம் அதற்கும் மேல், ரத்தமாக இருந்தது. அதற்கப்புறம் ஒரு சதவீத அளவுக்கு இறங்கியது. இன்று இது ஓரளவு பாதுகாப்பாக இருப்பதற்கு அந்தத் திரவம்தான் காரணம்.

வேசர் என்பது ஒலி அலையால் கொழுப்பை முதலில் இளக்குவது, முதுகு, ஆண் மார்பு மாதிரி நார் அதிகமான இடத்தில் உதவும். லேசரும் வேசரும் உள்ளே வெப்பம் உண்டாக்கும், கவனம் பிசகினால் தோல் வெந்துபோகும். எந்த மெஷின் என்பதைவிட அதைப் பிடித்திருக்கும் கை எத்தனை வருடம் பழகியது என்று பாருங்கள்.

முந்தைய நான்கு வாரம்

ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, மூன்று மாதச் சர்க்கரை, தைராய்டு, எல்லாம் எடுப்பார்கள். எனக்கு ஹீமோகுளோபின் 10.2 இருந்தது, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து ஆறு வாரம் தள்ளிவைத்தார். அப்போது எரிச்சலாக இருந்தது, இப்போது நன்றி சொல்கிறேன். வயிற்றில் செய்பவர்கள் ஹெர்னியா இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும், சிசேரியன் ஆனவர்கள் கட்டாயம். தசையில் ஓட்டை இருந்து அது தெரியாமல் குழாய் போனால் குடலில் குத்திவிடும்.

நிறுத்த வேண்டியவற்றை டாக்டரிடம் ஒன்றுவிடாமல் காட்டுங்கள். ஆஸ்பிரின், புரூஃபன் வகை வலி மாத்திரைகள் ரத்தம் உறைவதைக் கெடுக்கும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, இதய டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும். மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, சித்த ஆயுர்வேத லேகியம், சூரணம் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். 'அது மருந்தா என்ன' என்று நாம் சொல்லாமல் விடுவது இவற்றைத்தான். கருத்தடை மாத்திரையும் ஹார்மோன் மாத்திரையும் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும், எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்வார். எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குச் சாப்பாடு வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும், மயக்க மருந்து நிபுணரிடம் அதை மறைக்காதீர்கள். சிகரெட் நான்கு வாரம் முன்பே நிற்க வேண்டும்.

காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வீட்டில் செய்துவைக்க வேண்டியது நிறைய. மெத்தைக்கு மேலே ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய வேட்டி, பழைய துண்டுகள் ஒரு கட்டு. முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நான்கு. இறுக்க உடை இரண்டு செட், ஒன்று துவைத்துக் காயும்போது போட்டுக்கொள்ள இன்னொன்று வேண்டும். முதல் வாரம் தரையில் குந்தி உட்கார முடியாது, அதனால் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீடானால் நாற்காலி வகைக் கமோடு ஒன்று வாடகைக்கு எடுத்துவிடுங்கள். சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவது, இரண்டுக்கும் பத்து நாளைக்கு ஆள் ஏற்பாடு செய்யுங்கள். மாதத்தைப் பார்த்துத் தேதி வாங்குங்கள், சென்னை மே மாதத்தில் அந்த இறுக்க உடையை இரவு பகலாகப் போட்டுக்கொண்டிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மார்கழி எனக்குக் கைகொடுத்தது.

கணவரிடம், அல்லது நம்பகமான ஒருவரிடம், கட்டாயம் சொல்லிவிடுங்கள். யாருக்கும் தெரியாமல் செய்துகொள்ளும் ஆபரேஷன் இது இல்லை.

அன்றைய நாள்

காலை 6 மணிக்கு அட்மிஷன். திட உணவு ஆறு மணி நேரமும், தண்ணீர் இரண்டு மணி நேரமும் முன்பே நின்றிருக்க வேண்டும். முதலில் டாக்டர் வந்து உங்களை நிற்கவைத்து மார்க்கர் பேனாவால் வயிற்றிலும் இடுப்பிலும் வட்டம் வட்டமாக வரைவார், படுத்தால் கொழுப்பு இடம் மாறிவிடும் என்பதால் இதை நின்றபடிதான் செய்ய முடியும். கூச்சமாக இருக்கும். ஒரு பெண் நர்ஸ் கூடவே இருந்தார், இல்லையென்றால் நீங்கள் கேட்கலாம். புகைப்படமும் எடுப்பார்கள், அதில் முகம் வராது.

சின்ன இடம் என்றால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, லேசான தூக்க மருந்தோடு முடித்துவிடுவார்கள். எனக்கு முழு மயக்கம். காலில் ரத்தம் உறையாமல் இருக்க மாறிமாறி அழுத்தும் உறை மாட்டினார்கள். மயக்கத்துக்கு அப்புறம் நடந்தது டாக்டர் சொன்னதிலிருந்து: சலைனில் மரத்துப்போகும் மருந்தான லிக்னோகெய்னையும், ரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலினையும் கலந்து தோலுக்கடியில் செலுத்துகிறார்கள், இடம் உப்பிக் கெட்டியாகிறது. தோல் வெளிறும்வரை 15, 20 நிமிடம் காத்திருக்கிறார்கள். அப்புறம் அரை சென்டிமீட்டர்கூட இல்லாத துளைகள் வழியாக மெல்லிய குழாயை விட்டு, விசிறி விரிப்பது போல முன்னும் பின்னுமாக ஓட்டி உறிஞ்சுகிறார்கள். எனக்கு ஐந்து துளை, ஒன்று தொப்புளுக்குள், இரண்டு சிசேரியன் தழும்பின் மேலே, இரண்டு இடுப்பின் பின்னால்.

லிக்னோகெய்னுக்கு எடைக்கு ஏற்ற உச்ச வரம்பு உண்டு, இந்த முறையில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் என்பது பரவலாகப் பின்பற்றும் கணக்கு. அது கொழுப்பிலிருந்து மெதுவாகத்தான் ரத்தத்துக்கு வரும், உச்சத்தைத் தொடுவது சுமார் 12 மணி நேரம் கழித்து. அதாவது காலையில் செய்தால் அதன் முழு வேகம் இரவில். அதனால்தான் நான் ஒரு இரவு மருத்துவமனையிலேயே தங்கினேன், நீங்களும் கேட்டு வாங்குங்கள்.

முதல் இரண்டு நாள்

கண் விழித்ததும் குளிர் நடுக்கம், கொஞ்சம் குமட்டல். வலியை எப்படிச் சொல்வது? பல வருடம் உடற்பயிற்சியே செய்யாதவர் ஒரே நாளில் ஆயிரம் தடவை வயிற்றுப் பயிற்சி செய்துவிட்டு மறுநாள் எழுந்தால் எப்படியிருக்குமோ அப்படி. சிசேரியனைவிடக் குறைவு என்பேன். படுத்திருந்தால் பரவாயில்லை, எழும்போதுதான் உயிர் போகும், பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழுந்தால் சுலபம்.

அன்று மாலையே நடக்கவைப்பார்கள். முனகிக்கொண்டாவது நடங்கள். ரத்தக்கட்டி வராமல் தடுக்க அதைவிட நல்ல மருந்து இல்லை.

துளைகளிலிருந்து ரத்தம் கலந்த நீர் வழியும். யாரும் எனக்கு இதன் அளவைச் சொல்லவில்லை. துண்டு நனைந்து, நைட்டி நனைந்து, வீட்டுக்கு வரும்போது கார் சீட்டும் நனைந்தது, அம்மா பார்த்துவிட்டு ரத்தம் கொட்டுகிறது என்று அழுதுவிட்டார். அது பெரும்பாலும் உள்ளே செலுத்திய திரவம், வெளியே வருவதே நல்லது, 24 முதல் 48 மணி நேரத்தில் நின்றுவிடும். இளஞ்சிவப்பாக இருக்கும்வரை பயம் வேண்டாம். கருஞ்சிவப்பாக, கெட்டியாக, நிற்காமல் வந்தால் உடனே போன் செய்யுங்கள்.

இரண்டாம் நாள் குளிக்க அனுமதித்தார்கள். உடையை முதன்முதலாகக் கழற்றும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே சரிந்தேன், கணவர் பிடித்துக்கொண்டார். இறுக்கம் திடீரென்று போனதும் ரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது, பலருக்கும் நடக்கிறதாம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மெதுவாகக் கழற்றுங்கள், பாத்ரூம் கதவைத் தாழிடாதீர்கள்.

முதல் வாரம், வீட்டுப் பெரியவர்கள்

கும்பகோணத்திலிருந்து வந்த அம்மா பிரசவ பத்தியம் போல ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் குடித்தால் புண் ஆறாது, பருப்பு சேர்த்தால் சீழ் வைக்கும், முட்டை கூடாது. அன்போடு செய்வதுதான், ஆனால் இந்த ஆபரேஷனுக்கு அத்தனையும் நேர் எதிர். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஆற்றுவதற்குப் புரதம் வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், ஊறுகாயும் அப்பளமும் வீக்கத்தை ஏற்றும். டாக்டரையே அம்மாவிடம் போனில் பேசவைத்தேன், அதோடு தீர்ந்தது.

ஒத்தடம் இன்னொன்று. வீக்கத்தைப் பார்த்ததும் துணியைச் சூடுபண்ணிக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்தத் தோல் மரத்துப்போயிருக்கும், சூடு தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். ஐஸ் கட்டியை நேராக வைத்தாலும் அதே கதை. வெந்நீர்ப் பை, தைலம் எதுவும் கிட்டே வரக்கூடாது.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வீக்கம் உச்சத்தில் இருக்கும். நீலமும் கருப்பும் மஞ்சளுமாகக் கன்றிப்போகும். அந்தக் கன்றல் புவியீர்ப்பால் கீழே இறங்கும், வயிற்றில் செய்தவர்களுக்குப் பிறப்புறுப்பும் தொடையும் வீங்கிக் கறுத்துப்போவது உண்டு, ஆண்களுக்கும் அப்படியே. இதை முன்கூட்டியே சொல்லாததால் நான் நடுராத்திரி பயந்து நர்ஸுக்குப் போன் செய்தேன். பத்து நாளில் வடிந்துவிட்டது.

எடை பார்க்காதீர்கள். ஐந்தாம் நாள் பார்த்தேன், 67.5 காட்டியது, ஆபரேஷனுக்கு முன்பைவிட ஒன்றரைக் கிலோ அதிகம். எல்லாம் நீர்.

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒரு வாரத்தில் திரும்பலாம், நான் பத்து நாள் எடுத்தேன். ஸ்கூட்டர் ஓட்ட இரண்டு வாரம் ஆனது. தண்ணீர்க் குடம், சிலிண்டர், குழந்தையைத் தூக்குவது எதுவும் நான்கு வாரத்துக்கு வேண்டாம்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம்

எனக்கு மிகக் கஷ்டமான காலம் இதுதான். வலி குறைந்திருந்தது, பார்க்க வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள், கண்ணாடியில் பார்த்தால் முன்பைவிடப் பெரிய வயிறு, தொட்டால் அங்கங்கே கல் மாதிரிக் கட்டி, தோலில் உணர்ச்சியே இல்லை, உடைக்கு உள்ளே அரிப்பு. இவ்வளவு பணத்தைக் கொட்டி உடம்பைக் கெடுத்துக்கொண்டோமே என்று பதினாறாம் நாள் உட்கார்ந்து அழுதேன். என்னிடம் பேசியவர்களில் செய்துகொண்ட மூன்று பேரும் அதே வாரத்தில் அழுதிருக்கிறார்கள். தூக்கமில்லாததும் வீக்கமும் சேர்ந்து மனசை அழுத்திவிடுகிறது. கண்ணாடியில் தெரிவது முடிவு இல்லை, ஆற்றிக்கொண்டிருக்கும் உடம்பு. இந்த வாரங்களில் எதையும் முடிவுகட்டாதீர்கள், யாரிடமாவது பேசுங்கள்.

உடையை முதல் மூன்று வாரம் இரவும் பகலும், அதற்கப்புறம் ஆறு வாரம்வரை பகலில் மட்டும் என்று எனக்குச் சொன்னார்கள். உள்ளே மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் தோலும் வரிவரியாகப் பதிந்துவிடும், ஒவ்வொரு முறையும் நீவிவிட்டுக்கொள்ளுங்கள். கட்டிகள் மூன்றாவது வாரத்திலிருந்து இளக ஆரம்பிக்கும், டாக்டர் சரி என்றபிறகு மென்மையான மசாஜ் உதவும், ஊர் வைத்தியரிடம் போய் அழுத்தி நீவிக்கொள்வது கூடாது. ஓரிடத்தில் தண்ணீர்ப் பை மாதிரித் தளதளவென்று அசைந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது, ஊசியால் எடுத்துவிடுவார்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலிப்பது: இவை ரத்தக்கட்டியின் அறிகுறி, சில வாரம் கழித்தும் வரலாம், 108ஐக் கூப்பிடுங்கள். முதல் நாளில் உதடு மரத்து, காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை, உளறல் இருந்தால் மரத்துப்போகும் மருந்தான லிக்னோகெய்ன் அதிகமாகியிருக்கிறது. ஓரிரு நாளுக்குள் குழப்பமும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்தால் கொழுப்புத் துகள் ரத்தத்தில் கலந்திருக்கலாம். வயிறு பலகை மாதிரி இறுகி வலி நிமிடத்துக்கு நிமிடம் ஏறினால் குடலைப் பார்க்க வேண்டும். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிவந்து பரவும் தோல், நாற்றமுள்ள கசிவு, பல மணி நேரம் சிறுநீர் வராதது, எதையும் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். இந்தப் பத்தியை உங்களோடு இருக்கப்போகிறவரைப் படிக்கவையுங்கள். அந்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர் அவர்.

மூன்றாவது மாதமும் அதற்குப் பிறகும்

ஆறாவது வாரத்தில் வீக்கத்தில் பெரும்பகுதி போயிருந்தது, ஒருநாள் காலையில் பழைய சுடிதார் பேன்ட் நாடாவைக் கட்டும்போதுதான் தெரிந்தது. மிச்சம் வடிய மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம். உணர்ச்சி எறும்பு ஊர்வது போல ஆரம்பித்து மெதுவாகத் திரும்பியது, தொப்புளுக்குக் கீழே ஓரிடத்தில் எட்டாவது மாதத்தில்தான் வந்தது. துளைகளின் தழும்பு நம் நிறத்துக்குக் கறுத்துப்போகும், சிலிகான் ஜெல் தடவினேன், வெயில் படாமல் பார்த்துக்கொண்டேன், ஒரு வருடத்தில் மங்கிவிட்டது.

எடுத்த கொழுப்பு செல்கள் திரும்ப முளைக்காது. ஆனால் மிச்சமிருப்பவை பெரிதாகும், எடை ஏறினால் இடுப்புக்குப் பதிலாகக் கை, முதுகு, வயிற்றின் உள்பக்கம் என்று வேறு இடத்தில் போய்ச் சேரும். என் நடையை நான் விடவில்லை, இப்போது 65 கிலோ.

வலது இடுப்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது, குனிந்தால் தெரியும். மேடு பள்ளம் இதில் சகஜமாக வரும் குறை. அதைச் சரிசெய்வதானாலும் ஆறு மாதம் முடிந்த பின்புதான் டாக்டர் தொடுவார். எனக்கு ஏழாவது மாதம் அவரே கேட்டார், செய்துவிடலாமா என்று. நான் யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.